ஊறப்போடாததை அரைக்க முடியாது: வெப்சைட் டாஷ்போர்டு எப்படி இயங்குகிறது?

வெப்சைட் தொடங்கிய மறுநாளே வரும் கேள்வி, "எத்தனை பேர் வந்தாங்க?" அதற்காகக் கூகுள் அனலிட்டிக்ஸில் ஒரு கணக்கைத் திறந்து, கம்ப்யூட்டர் தெரிந்த தம்பியையோ மருமகனையோ பிடித்து அந்த நாலு வரி நிரலைத் தளத்தில் ஒட்டவைத்து, டாஷ்போர்டைத் திறக்கிறோம். நீலக் கோடு ஒன்று ஏறி இறங்குகிறது. சுற்றிலும் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண். இது பரிமாறி முடித்த இலை. சாம்பாரில் ஏன் உப்பு தூக்கலாக இருக்கிறது என்பதற்கு இலையில் பதில் கிடைக்காது. பின்கட்டுக்குத்தான் போக வேண்டும்.

போவோம். நடுத்தரமான ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் டோக்கன் கொடுப்பவர், டேபிளுக்கு டேபிள் ஓடும் சப்ளையர், உள்ளே சரக்கு மாஸ்டர், மூலையில் கிரைண்டர், வெளியே வரும் வழியில் கல்லா. அனலிட்டிக்ஸ் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள இவ்வளவு ஆட்கள் போதும். தளம் என்று ஒன்று வேண்டுமே, அதற்குக் கைத்தறிப் புடவை விற்கும் ஒரு சிறு கடையின் வெப்சைட்டை வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது.

சப்ளையர் எழுதும் சீட்டு

தளத்தில் ஒட்டிய அந்த நிரல்தான் சப்ளையர். 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் அடையாள எண் அதில் இருக்கும். எந்த மெஸ்ஸுக்கு வேலை செய்கிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. திருப்பூரில் ஒருவர் போனில் புடவைப் பக்கத்தைத் திறக்கிறார். பக்கம் இறங்கும்போதே சப்ளையரும் அந்த போனுக்குள் வந்துவிடுகிறார். உடனே ஒரு சீட்டு எழுதுகிறார். சீட்டின் தலைப்பு 'பேஜ் வியூ'. கீழே, எந்தப் பக்கம், அதன் தலைப்பு என்ன, எந்தத் தளத்திலிருந்து இங்கே வந்தார், பிரவுசரின் மொழி என்ன, திரை எவ்வளவு பெரியது, டோக்கன் எண் என்ன. சீட்டு கூகுளின் சர்வருக்குப் போய் விழுகிறது. வாடிக்கையாளரின் பெயரோ முகமோ அதில் இல்லை.

இப்போதைய அனலிட்டிக்ஸில் எல்லாமே இந்தச் சீட்டுதான். 'ஈவென்ட்' என்பார்கள். முதல்முறை வந்தால் ஒரு சீட்டு, வருகை தொடங்கினால் ஒரு சீட்டு. பக்கத்தில் 90 சதவீத ஆழம்வரை உருட்டிப் பார்த்தால் 'ஸ்க்ரோல்' என்று ஒரு சீட்டு. வேறு தளத்துக்குப் போகும் இணைப்பைத் தட்டினாலும், கோப்பு ஒன்றை இறக்கினாலும், தளத்துக்குள் எதையாவது தேடினாலும் தனித்தனிச் சீட்டு. 'என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்' என்ற பொத்தான் திறந்திருந்தால் இவற்றைச் சப்ளையர் தானாகவே எழுதிக்கொள்வார்.

ஆனால் புடவையைக் கூடையில் போட்டதையும் பணம் கட்டியதையும் அவர் தானாகக் கவனிக்க மாட்டார். 'இது நடந்தால் இப்படி எழுது' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்றவற்றில் நடக்கும் கடையென்றால் அதற்கான இணைப்புச் செருகிகள் இதைப் பார்த்துக்கொள்ளும். கையால் கட்டிய தளமென்றால் கட்டியவரிடம் கேட்டு வாங்குங்கள். விற்பனையைப் பற்றிச் சீட்டே எழுதாத டாஷ்போர்டு, கூட்டத்தை எண்ணுமே தவிர யார் சாப்பிட்டார் என்று சொல்லாது.

சீட்டுமுறை வருவதற்கு முன் எச்சில் தட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவேட்டை எடுத்து, வரிகளைக் கூட்டிச் சொல்லும் மென்பொருள்கள் 90களில் இருந்தன. கேம்பிரிட்ஜில் இருந்த ஸ்டீஃபன் டர்னர் 1995இல் வெளியிட்ட 'அனலாக்' அதில் பேர்பெற்றது. பத்துப் படமுள்ள ஒரு பக்கத்தை ஒருவர் திறந்தால் பதிவேட்டில் பதினொரு வரி விழும். 'எங்கள் தளத்துக்கு லட்சம் ஹிட்' என்று அந்தக் காலத்தில் மார்தட்டியவர்களின் லட்சத்தில் பாதிக்கு மேல் படங்கள்தான் இருந்திருக்கும். அர்ச்சின் என்ற சான் டியேகோ நிறுவனத்தை 2005இல் கூகுள் வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. பந்தி தாங்கவில்லை. ஒரே வாரத்தில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தவேண்டி வந்தது. இன்று நாம் திறப்பது 2020 அக்டோபரில் வந்த நான்காம் பதிப்பு. பழைய பதிப்பு, 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஆகவே அதற்கு முந்தைய விளக்க வீடியோ எதையாவது பார்த்து 'அந்த மெனு எங்கே, இந்த மெனு எங்கே' என்று தேடிக்கொண்டிருந்தால் தேடலை விட்டுவிடுங்கள். அந்த அடுப்பையே இடித்துவிட்டார்கள்.

டோக்கன், இலை, அரை மணி நேரம்

'பயனர் 312' என்று டாஷ்போர்டு சொன்னால் 312 மனிதர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சப்ளையர் முதல்முறை வந்தவரின் பிரவுசரில் குக்கி என்ற சிறு டோக்கனைச் செருகிவைக்கிறார். அதன் ஆயுள் 2 ஆண்டு. அடுத்தமுறை அதே டோக்கன் தெரிந்தால் 'பழைய ஆள்'. தெரியாவிட்டால் 'புது ஆள்'. காலையில் போனிலும் மதியம் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் பார்த்த ஒரே அக்கா இரண்டு பயனர். ஒரே போனில் மாறி மாறிப் பார்த்த மாமியாரும் மருமகளும் ஒரு பயனர். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் இப்படிச் செருகும் டோக்கனை 2019 முதல் 7 நாளில் கிழித்துப்போடுகிறது. ஐபோன்காரர்கள் பத்து நாளுக்கு ஒருமுறை வந்தால் ஒவ்வொரு தடவையும் புது முகம்தான். அந்த 312கூட டோக்கனை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியதல்ல. ஹைப்பர்லாக்லாக் என்ற தோராயக் கணக்குமுறையில் வருவது. அண்டாவைப் பார்த்தே 'இது அறுபது பேருக்கு வரும்' என்று மாஸ்டர் சொல்வாரே, அந்தக் கைக்கணக்கு. பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

'செஷன்' என்பது ஓர் இலை. கை கழுவப் போனவர் அரை மணி நேரம் திரும்பாவிட்டால் இலையை எடுத்துவிடுவார்கள். பிறகு வந்தால் வேறு இலை. அனலிட்டிக்ஸிலும் 30 நிமிடம் அசைவில்லை என்றால் வருகை முடிந்தது. புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு முக்கால் மணி கழித்து வந்தால் இரண்டு செஷன் என்று கணக்கு.

எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரையும் உட்கார்ந்து சாப்பிட்டவரையும் பிரிக்க ஒரு விதி இருக்கிறது. 10 விநாடிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமாவது பார்த்திருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் நாம் முக்கியம் என்று குறித்துவைத்த செயலைச் செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று நடந்தால் 'என்கேஜ்டு செஷன்'. 10 விநாடி என்பது ரொம்பத் தாராளமான அளவுகோல் என்பது என் கருத்து. போர்டில் எழுதிய விலையைப் படிக்கவே அவ்வளவு நேரம் ஆகும்.

சமையல் எடுக்கும் நேரம்

சீட்டு விழுந்தவுடன் இலைக்கு வந்துவிடாது. உள்ளே வேலை இருக்கிறது. ஐபி முகவரியை வைத்து ஊரைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு முகவரியை எறிந்துவிட வேண்டும், தெரிந்த ரோபோக்களின் சீட்டைப் பொறுக்கித் தள்ள வேண்டும், சீட்டுகளை இலைவாரியாகச் சேர்க்க வேண்டும், எந்த வழியாக வந்தார் என்று தரம் பிரிக்க வேண்டும். வழக்கமான அறிக்கைகள் முழுமையாக வெந்து வர 24 முதல் 48 மணி நேரம் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. நேற்றைய விற்பனை விளம்பரத்துக்கு இன்று காலை எட்டு மணிக்கே தீர்ப்பு எழுதுவது அரைவேக்காட்டை ருசி பார்ப்பது.

அவசரக்காரர்களுக்கு 'ரியல்டைம்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அது கல்லில் ஊற்றிய தோசை. கடைசி 30 நிமிடத்தில் விழுந்த சீட்டுகளை அப்படியே காட்டும். நிரல் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டுத் தளத்தைத் திறந்து பாருங்கள், ஒரு ஆள் கூடுகிறாரா என்று. மற்றபடி அதை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதால் ஒரு புடவையும் விற்காது.

ஊர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மொபைல் நெட்வொர்க்கில் வருபவரின் ஐபி முகவரி பல சமயம் அந்த நிறுவனத்தின் மையம் இருக்கும் பெருநகரத்தையே காட்டும். பட்டுக்கோட்டைக்காரரும் பரமக்குடிக்காரரும் சென்னைக் கணக்கில் விழ வாய்ப்பிருக்கிறது. 'நம்ம வாடிக்கையாளர்ல பாதிப் பேர் சென்னைதான்' என்று இதை நம்பித் தி.நகரில் கடை பார்க்கப் போகாதீர்கள்.

'டைரக்ட்' என்னும் அண்டா

புதிதாகத் தொடங்குபவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று 'டிராஃபிக் அக்விசிஷன்' பக்கம் பிரித்துக் காட்டும். கூகுள் தேடலில் வந்தால் 'ஆர்கானிக் சர்ச்', வேறு தளத்தின் இணைப்பு வழியாக வந்தால் 'ரெஃபரல்', ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றால் 'ஆர்கானிக் சோஷியல்'. அத்தனைக்கும் மேலே, தமிழ்நாட்டுச் சிறு தளங்களில் பெரும்பாலும் முதல் வரியில், 'டைரக்ட்' என்று பெரிய எண் ஒன்று நிற்கும். 'முகவரியை நேரா அடிச்சு வர்றாங்க, நம்ம பேர் அவ்வளவு பரவியிருக்கு' என்று உரிமையாளர் பூரித்துப்போவார்.

அப்படியில்லை. எங்கிருந்து வந்தார் என்று சீட்டில் எழுதப்படாத அத்தனை பேரையும் கொட்டிவைக்கும் அண்டா அது. முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர் அதில் கொஞ்சம் இருக்கலாம். மீதியில் பெரும்பகுதி வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் சித்தி அனுப்பிய இணைப்பைத் தட்டி வருபவர் எங்கிருந்து வந்தார் என்று அந்த ஆப் பெரும்பாலும் சொல்லி அனுப்புவதில்லை. எஸ்எம்எஸ், பிடிஎஃப் கோப்பில் உள்ள இணைப்பு எல்லாம் இதே கதை. நம் ஊரில் வியாபாரமே வாட்ஸ்அப்பில் நடக்கும்போது, மிக முக்கியமான வழி பெயரில்லாமல் கிடக்கிறது.

இதற்கு மருந்து யுடிஎம். அர்ச்சின் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. இணைப்பின் வாலில் மூன்று விவரங்களை நீங்களே எழுதி அனுப்புவது: எங்கிருந்து, எவ்வகை, எந்த விற்பனை. வாட்ஸ்அப், மெசேஜ், தீபாவளி என்று வைத்துக்கொள்ளலாம். பார்சலில் பேனாவால் பெயர் எழுதி அனுப்புவது மாதிரி, போகும்போதே சீட்டு ஒட்டியாயிற்று. கூகுளே இதற்கு ஒரு படிவம் வைத்திருக்கிறது. நிரப்பினால் இணைப்பு வந்துவிடும். மூன்று குழுக்களுக்கு மூன்று விதமான வால் வைத்து அனுப்பினால், எந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள் வாங்குகிறார்கள் என்பது இரண்டே நாளில் தெரியும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இதற்கு வேறு வேறு. ஒருநாள் பெரிய எழுத்திலும் மறுநாள் சிறிய எழுத்திலும் வாட்ஸ்அப் என்று எழுதினால் அறிக்கையில் இரண்டு வரியாகப் பிரிந்து நிற்கும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, தளத்துக்கு உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்புகளில் இந்த வாலை ஒட்டாதீர்கள். வாசலில் எழுதிய விவரத்தின் மேலேயே உள்ளே இன்னொருவர் எழுதிய மாதிரி ஆகிவிடும்.

ராத்திரியே ஊறவேண்டியவை

இட்லி மாவுக்கு அரிசியை முந்தின நாள் ஊறப்போடவில்லை என்றால் மறுநாள் மாஸ்டர் என்ன வித்தை காட்டினாலும் நடக்காது. அனலிட்டிக்ஸில் பல அமைப்புகள் இந்த ஜாதி. நீங்கள் மாற்றிய நிமிடத்திலிருந்து முன்னோக்கித்தான் வேலை செய்யும். பழைய தரவைத் திருத்தாது. டாஷ்போர்டைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன் இவற்றைச் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

முதலில் நேர மண்டலம். அதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நேரத்தில் விட்டுவிட்டால், உங்கள் டாஷ்போர்டில் ஒரு நாள் என்பது இந்திய நேரப்படி மதியம் 12.30க்கோ, அங்கே குளிர்கால நேரமென்றால் 1.30க்கோ முடிந்து அடுத்த நாள் தொடங்கும். வெள்ளிக்கிழமை மாலை நடந்த விற்பனையும் சனிக்கிழமை காலை நடந்ததும் ஒரே நாளில் விழும். நாணயத்தையும் அப்போதே ரூபாய்க்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது தரவை வைத்திருக்கும் காலம். தனிச் சீட்டு அளவிலான தரவு, சொல்லாவிட்டால் 2 மாதம்தான் இருக்கும். இலவசக் கணக்கில் அதை 14 மாதமாக மாற்றலாம். நிர்வாகப் பக்கத்தில் 'டேட்டா ரிடென்ஷன்' என்ற இடத்தில் ஒரே ஒரு தேர்வு. வழக்கமான அறிக்கைகளை இது பாதிக்காது. ஆனால் 'எக்ஸ்ப்ளோரேஷன்' என்ற ஆய்வுப் பகுதியில் இந்தத் தீபாவளியைப் போன தீபாவளியோடு வைத்துப் பார்க்க நினைப்பவருக்கு 2 மாதச் சரக்கு எதற்கு ஆகும்? அழிந்தது அழிந்ததுதான்.

பிறகு வீட்டாள் சாப்பாடு. புடவைப் படத்தை மாற்றினால் சரியாகத் தெரிகிறதா என்று நீங்களே நாளைக்கு இருபது தடவை திறப்பீர்கள். போட்டோ எடுத்தவர் திறப்பார். பங்காளி திறப்பார். சிறு தளத்தில் இதுவே பாதிக் கூட்டம். உங்கள் ஐபி முகவரியைச் சொல்லி இவற்றை விலக்கும் வடிகட்டி இருக்கிறது. முதலில் சோதனை நிலையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு இயக்குங்கள், ஏனென்றால் வடிகட்டி கொட்டியது திரும்பாது. வீட்டு பிராட்பேண்டில் ஐபி முகவரி அவ்வப்போது மாறும் என்பதால் வடிகட்டியில் ஓட்டை விழும்; எப்போதாவது சரிபார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக, எது உங்களுக்கு முக்கியமான செயல் என்று குறிப்பது. 2024 மார்ச்சிலிருந்து இதற்குப் பெயர் 'கீ ஈவென்ட்'. வாங்கியது, வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டியது, எதுவானாலும் நீங்கள் குறித்த நாளிலிருந்துதான் அப்படி எண்ணப்படும். இரண்டுக்கு மேல் குறிக்காதீர்கள். எல்லாமே முக்கியம் என்றால் மாஸ்டர் எதை முதலில் இறக்குவார்?

இலையைப் பார்ப்பது

இப்போது இலைக்கு வரலாம். மெனுவில் இருக்கும் அத்தனையையும் திறந்து பார்க்க ஆசை வரும். வயது, பாலினம், விருப்பங்கள் என்றிருக்கும் பக்கங்களைச் சிறு தளக்காரர் தாராளமாகத் தாண்டிப்போகலாம். கூட்டம் குறைவாக இருந்தால், யார் என்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கூகுள் அங்கே பல வரிகளை மறைத்துவிடும்.

ஒரே ஒரு கேள்வியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு திறப்பது நல்லது. நம் புடவைக் கடைக்கு அது, 'வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நடுவில் எது வாங்குபவர்களைக் கொண்டுவருகிறது?' என்று இருக்கலாம். அதற்கு 'டிராஃபிக் அக்விசிஷன்' ஒன்றே போதும். பக்கத்தில் கிட்டத்தட்ட அதே பெயரில் 'யூசர் அக்விசிஷன்' என்று இன்னொன்று இருக்கும். அது ஒருவர் முதன்முதலில் எப்படி வந்தார் என்பதைச் சொல்வது. இன்றைய வருகையைச் சொல்வதல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு எண் பொருந்தவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. வந்தவர்கள் முதலில் எந்தப் பக்கத்தில் கால் வைத்தார்கள் என்பதை 'லேண்டிங் பேஜ்' சொல்லும். எல்லோரும் முகப்பு வழியாக வருகிறார்கள் என்று நினைத்து முகப்பை மட்டும் இழைத்துக்கொண்டிருப்பவர் இதை ஒருமுறை பார்த்தால் நல்லது.

சதவீதத்தை நம்பாதீர்கள், எண்ணிக்கை சிறியதாக இருக்கும்வரை. போன வாரம் இரண்டு புடவை, இந்த வாரம் மூன்று என்றால் டாஷ்போர்டு பச்சை அம்புக்குறி போட்டு 50 சதவீத வளர்ச்சி என்று கொண்டாடும். ஒப்பிடும்போது திங்கட்கிழமையைத் திங்கட்கிழமையோடு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வைத்துத் திங்கட்கிழமைக்கு உலை வைக்கும் மெஸ் உண்டா?

பணக் கணக்குக்கு மட்டும் டாஷ்போர்டை நம்பவே கூடாது. கல்லாவைத்தான் எண்ண வேண்டும். வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் கட்ட வேறொரு ஆப்புக்குப் போகிறார், பணம் போய்விட்டது, திரும்ப நம் தளத்தின் நன்றிப் பக்கத்துக்கு வராமல் அப்படியே போனைக் கீழே வைத்துவிடுகிறார். பல தளங்களில் விற்பனைச் சீட்டு அந்த நன்றிப் பக்கத்தில்தான் எழுதப்படும். அவர் வரவில்லை, சீட்டும் இல்லை. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவரின் பிரவுசரில் சப்ளையரே உள்ளே நுழைய முடியாது. அதனால் வங்கிக் கணக்கில் பத்து விற்பனை இருந்தால் டாஷ்போர்டில் எட்டு இருக்கும், ஏழு இருக்கும். கோளாறு என்று பதற வேண்டாம். திசையைப் பார்க்க டாஷ்போர்டு, தொகையைப் பார்க்க பாங்கு.

சீட்டில் எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் முகவரி போன்றவை அனலிட்டிக்ஸுக்குப் போகக் கூடாது என்பது கூகுளின் விதிமுறையிலேயே இருக்கிறது. சில தளங்களில் படிவத்தை நிரப்பியதும் போன் நம்பர் பக்க முகவரியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சப்ளையர் அதையும் சேர்த்து எழுதி அனுப்பிவிடுவார். இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. இதை அலட்சியமாக விட முடியாது. நம் வாடிக்கையாளரின் சீட்டு அடுத்தவர் சமையலறைக்கே போகக் கூடாது என்று நினைப்பவருக்கு மடோமோ இருக்கிறது. 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறிய திறமூல மென்பொருள். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். மென்பொருளுக்குக் காசு இல்லை. ஆனால் சர்வர் வாடகையும் பராமரிப்பும் உங்கள் தலையில். ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கணினி தெரிந்த ஆள் கூடவே இருந்தால் கட்டாயம் யோசிக்கலாம்.

இன்றைக்குக் கணக்குத் தொடங்குகிறீர்கள் என்றால், நேர மண்டலத்தை இந்தியாவுக்கும் தரவுக் காலத்தை 14 மாதத்துக்கும் மாற்றுங்கள், வடிகட்டியைப் போடுங்கள், ஒரு கீ ஈவென்டைக் குறியுங்கள், வாட்ஸ்அப் இணைப்புக்கு வால் ஒட்டுங்கள். அரை மணி நேர வேலை. அதோடு டாஷ்போர்டை மூடிவிட்டுப் புடவையைப் பாருங்கள்; இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் போதும்.